ஐம்பது லட்சம் முறை குனிந்த கம்பி

சித்தி கேட்டது ஒரே ஒரு சொல். இடுப்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை அது. நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளையும் அவற்றுக்குக் கீழே இருக்கும் சேக்ரம் எலும்பையும் ஆறு ஸ்க்ரூ, இரண்டு கம்பி, இடையில் கேஜ் என்ற இரண்டு சின்னக் கூடு வைத்து ஒன்றாக்கப் போகிறார்கள். சித்தி ஒருக்களித்துப் படுத்தபடியே, "இந்த ஸ்க்ரூ கம்பியெல்லாம் மிஷின்ல போட்டு ஆட்டிப் பார்க்கிறதுதானேடா உன் வேலை? எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டுவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான். "50 லட்சம் தடவை அழுத்தியும் உடையலை சித்தி" என்றேன். "அப்படின்னா எத்தனை வருஷம்?" என்றார். "ரெண்டு வருஷத்து நடைன்னு கணக்கு." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டார்: "அப்புறம்?"

அதுக்குள்ள எலும்பு சேர்ந்துடும் சித்தி, என்று ஏதோ சொல்லி வைத்தேன். பதில் தப்பில்லை. ஆனால் சொன்ன விதத்தில் எனக்கே திருப்தியில்லை. முதுகெலும்பு இம்பிளான்ட்டுகளைச் சோதிக்கும் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன், சொந்தச் சித்தியிடம் விளம்பரத் துண்டறிக்கை மாதிரி ஒரு எண்ணை நீட்டியிருக்கிறேன். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் என்னை அதுவரை நிறுத்திக் கேட்டதில்லை.

நடுவே இருக்கும் காற்று

அந்தச் சோதனை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பார்த்தால் முதுகெலும்பு என்றே தோன்றாது. வெள்ளை வெளேரென்று இரண்டு பாலிஎத்திலீன் கட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவே இடைவெளி விட்டு நிற்கும். கட்டைக்கு இரண்டாக நாலு ஸ்க்ரூ. மேல் ஸ்க்ரூவையும் கீழ் ஸ்க்ரூவையும் இணைத்து வலப்பக்கம் ஒரு கம்பி, இடப்பக்கம் ஒரு கம்பி. ஏஎஸ்டிஎம் எஃப்1717 என்ற தரநிலைப்படி, இடுப்புப் பகுதிக்கான அமைப்பில் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் நடுவே 76 மில்லிமீட்டர். கட்டைகள் கீல் போட்டதுபோல அசையும். மேலிருந்து அழுத்தினால் கம்பிகள் வில்லாக வளையும், விட்டால் நிமிரும். நொடிக்கு 5 தடவை என்று ஓட்டினால் 50 லட்சத்தை எட்ட பதினொன்றரை நாள் ஆகும். இரவு பகல் கிடையாது. யந்திரத்தின் முகப்பில் ஒரு எண் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை, வெறும் காற்று. டிஸ்க் இல்லை, எலும்பு இல்லை, கேஜ் இல்லை. ஒரு முள்ளெலும்பை முழுசாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் அமைப்பு. அதனால்தான் புதிதாகச் சேரும் பையன்கள் சுமையைப் பார்த்துச் சிரிப்பார்கள். 200 நியூட்டன், 250 நியூட்டன் என்று இருக்கும். அதாவது இருபது, இருபத்தைந்து கிலோ. "இவ்வளவுதானா சார், ஒரு சின்னப் பிள்ளையோட எடைதானே" என்பார்கள். உடம்பில் சுமையின் பெரும்பகுதி முன்பக்கத்தில், முள்ளெலும்பின் உடலும் டிஸ்க்கும் சேர்ந்த தூண் வழியாக இறங்கும். பின்னால் போட்ட கம்பிக்கு வருவது மிச்சம் மீதிதான். இங்கே முன் தூணே இல்லை. சுமை இறங்கும் கோட்டுக்கும் ஸ்க்ரூ நுழையும் இடத்துக்கும் நடுவே 40 மில்லிமீட்டர் தள்ளல் வேறு. வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. அந்த இருபது கிலோவுக்கே ஆறு மில்லிமீட்டர் கம்பி முனகும்.

ஒரு தடவை சுலபமாகத் தாங்கும் சுமையை லட்சம் தடவை கொடுத்தால் உலோகம் ஏன் உடைகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வோலர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளை வைத்துப் பொறுமையாக ஆராய்ந்தார். உலோகச் சோர்வு என்கிறோம். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடித்தவர்கள் எல்லோருக்கும் கைக்குத் தெரிந்த விஷயம். நாங்கள் செய்வதும் அவருடைய கணக்கின் தொடர்ச்சிதான். அதிகச் சுமையில் தொடங்குவோம், சீக்கிரம் உடையும். சுமையைக் குறைப்போம், இன்னும் கொஞ்சம் ஓடும். கடைசியில் ஏதோ ஒரு சுமையில் 50 லட்சம் தாண்டியும் உடையாமல் நிற்கும். அதற்கு எங்கள் கூடத்தில் ரன் அவுட் என்று பெயர். கிரிக்கெட்டில் ரன் அவுட் ஆனால் தலையைத் தொங்கப்போட்டு வெளியே போக வேண்டும், இங்கே ரன் அவுட் ஆனால் கை குலுக்குவார்கள். சேர்ந்த முதல் வாரம் "ரன் அவுட் ஆயிடுச்சு" என்று ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து சொன்னபோது நான் அனுதாபப்பட்டிருக்கிறேன்.

50 லட்சம் எங்கிருந்து வந்தது? ஒரு நாளைக்கு 7000 அடி நடக்கிறோம் என்று வைத்து, 365ஆல் பெருக்கி, இரண்டு வருஷத்துக்குப் போட்டால் 51 லட்சம் வரும். இரண்டு வருஷம் ஏன் என்றால், எலும்பு சேர்வதாக இருந்தால் அதற்குள் சேர்ந்திருக்கும் என்பதால். கான்கிரீட் தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுப்பது மாதிரி. முட்டு எத்தனை வருஷம் நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை, தளம் இறுகும்வரை நின்றால் போதும். ஆனால் முட்டைப் பிரித்துவிடுவார்கள். ஸ்க்ரூவும் கம்பியும் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும்.

காலையில் சாய்ந்திருந்த கட்டை

முதல் தடவை ஒரு உடைவைப் பக்கத்தில் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. காலையில் வந்தால் யந்திரம் நின்றிருந்தது. எண் 31 லட்சத்துச் சொச்சத்தில் உறைந்திருந்தது. மேல்கட்டை ஒருபக்கமாகத் தலை சாய்த்திருந்தது. டெக்னீஷியன் அண்ணன் எதையும் தொடாமல் டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்க்ரூவின் தலையில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் குட்டித் திருகு இருக்கிறதே, அதற்குச் சரியாக ஓரத்தில் கம்பி இரண்டாகியிருந்தது. சுற்றிலும் வெள்ளைக் கட்டையின் மேல் கண் மை தீற்றியதுபோல் கறுப்புத் தூள். டைட்டானியமும் டைட்டானியமும் நுணுக்கமாக உரசி உதிர்த்த தூள் அது. உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் வைத்தால், அலை வந்து வந்து திரும்பிய மணல் மாதிரி வரி வரியாகக் கோடுகள். கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து விரிந்தன. குட்டித் திருகு அழுத்தி உண்டாக்கிய, கண்ணுக்கே தெரியாத ஒரு பள்ளம். "கம்பியை நாமதான் தம்பி உடைச்சோம், இறுக்கும்போதே" என்றார் அண்ணன். கம்பியை இறுக்காமல் விட்டால் வழுக்கும், இறுக்கினால் வடு விழும்.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்று. தரநிலைச் சோதனையில் போடுவது நேரான கம்பி. ஆனால் இடுப்பு நேராகவா இருக்கிறது? உள்வாங்கிய வளைவு அது. அந்த வளைவுக்குத் தக்கபடி அறுவை மேசையிலேயே ஒரு வளைப்பான் கருவியில் கம்பியை அழுத்தி அழுத்தி வளைக்கிறார்கள். ஒவ்வொரு அழுத்தலும் ஒரு தழும்பு. டைட்டானியத்துக்கு மேற்பரப்பில் கீறல் விழுந்தால் ஆகாது, சோர்வு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஆர்வக்கோளாறில் ஒரு தடவை மிச்சமிருந்த கம்பிகள் சிலவற்றை அப்படி வளைத்து, நேர்க்கம்பி தாண்டிய அதே சுமையில் ஓட்டிப் பார்த்தோம். ஒன்றுகூட 50 லட்சத்தைத் தொடவில்லை. அது அதிகாரபூர்வ அறிக்கை எதிலும் போகவில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. தரநிலை அதைக் கேட்கவில்லையே.

இங்கே ஒரு மனத்தாங்கலையும் இறக்கி வைக்கிறேன். "எஃப்1717 சோதனையில் தேர்ச்சி பெற்றது" என்று ஒரு நிறுவனத்தின் கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு தேர்ச்சியே கிடையாது. அந்தத் தரநிலை எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறதே தவிர, இத்தனை நியூட்டன் தாங்கினால் பாஸ் என்று எங்கும் சொல்லவில்லை. ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் இம்பிளான்ட்டோடு ஒப்பிட்டு, அதற்குக் குறைவில்லை என்று காட்டுவதுதான் வழக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு மார்க் என்று பார்ப்பது மாதிரி. சித்தியிடம் நான் சொன்ன "50 லட்சம்" என்பதும் அந்தக் கையேட்டு வாக்கியத்துக்குத் தம்பிதான். எத்தனை தடவை என்று சொன்னேன், எவ்வளவு சுமையில் என்று சொல்லவில்லை.

கெட்டியாக இருந்தால் போதுமா

கம்பியை விட்டுவிட்டுக் கேஜுக்கு வந்தால் கதையே வேறு. டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் சின்னக் கூடு அது. அதை அழுத்தி உடைப்பதென்றால் பெரும்பாடு. ஆயிரக்கணக்கான நியூட்டன் போட வேண்டும். உடம்பில் உடைவது கேஜ் அல்ல, அது உட்கார்ந்திருக்கும் எலும்புதான் விட்டுக்கொடுக்கும். கேஜ் மெல்ல மெல்ல முள்ளெலும்புக்குள் புதையும், திறந்து வைத்த இடைவெளி சுருங்கும். இதைச் சோதிக்க பாலியூரித்தேன் நுரைக்கட்டை வைத்திருக்கிறோம். கிரேடு 15 என்று ஒன்று, கன மீட்டருக்கு 240 கிலோ அடர்த்தி. நகத்தால் அழுத்தினால் தடம் விழும். நிஜ எலும்பையே வைக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். நிஜ எலும்பு ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு கேஜ்களில் எது குறைவாகப் புதைகிறது என்று தெரிய வேண்டுமானால், அடியில் இருப்பது ஒரே மாதிரி இருக்க வேண்டும். நுரைக்கட்டை எலும்பாக நடிக்கவில்லை, நடுவராக உட்கார்ந்திருக்கிறது.

கெட்டியாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கை எனக்குள் முதலில் ஆட்டம் கண்டது இங்கேதான். டைட்டானியக் கலவையின் மீள்தன்மைக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 110 கிகாபாஸ்கல். பீக் என்ற பிளாஸ்டிக்குக்கு 4கூட இல்லை, எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கும் கீழே. கேஜ் ரொம்ப விறைப்பாக இருந்தால் சுமையை அதுவே வாங்கிக்கொண்டு, உள்ளே வளர வேண்டிய எலும்புக்கு வேலை கொடுக்காது. வேலை இல்லாத எலும்பு வளராது, இருப்பதும் மெலியும். சரி, பீக் போடலாம் என்றால் எலும்பு அதன்மேல் ஒட்ட மாட்டேன் என்கிறது. அதனால் பீக்குக்கு டைட்டானியப் பூச்சு கொடுத்தார்கள், அப்புறம் டைட்டானியத்தையே பஞ்சு மாதிரி துளைத்துளையாக அச்சிட்டு விறைப்பைக் குறைத்தார்கள்.

ஸ்க்ரூவைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. நிமிஷத்துக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் நேராக இழுப்போம், எண் வரும், எழுதிக்கொள்வோம். யாருடைய முதுகிலிருந்தும் ஸ்க்ரூ நேராகப் பிடுங்கிக்கொண்டு வருவதில்லை. மேலும் கீழும் ஆடி ஆடித் துளையை அகலமாக்கித்தான் தளர்கிறது.

இதற்கெல்லாம் மேலே இறந்தவர்களின் முதுகெலும்பில் செய்யும் சோதனை இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்து, உருக்கி, உப்புத்தண்ணீர்த் துணியால் ஈரமாகவே வைத்துச் செய்வார்கள். வலிமை, சோர்வு, நிலைத்தன்மை என்று மூன்று விதமான சோதனையும் வேண்டும் என்று 1988இல் யேல் பல்கலைக்கழகத்தின் மனோகர் பஞ்சாபி வரையறுத்து எழுதினார். அதில் மூன்றாவது இங்கேதான் நடக்கும். 7.5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முன்னே, பின்னே, பக்கவாட்டில், திருகி என்று வளைத்து, ஸ்க்ரூ போடும் முன் எத்தனை டிகிரி அசைந்தது, போட்ட பின் எத்தனை என்று அளப்பார்கள். ஆனால் திசு அழுக ஆரம்பிக்கும் முன் முடித்தாக வேண்டும், அதனால் லட்சக்கணக்கில் ஆட்ட முடியாது. கம்பி எத்தனை நாள் உழைக்கும் என்று பாலிஎத்திலீன் கட்டை சொல்லும், எவ்வளவு அசைவைத் தடுக்கும் என்று சொல்லாது. இது அதைச் சொல்லும், நாளைச் சொல்லாது.

ஒரு விஷயம் மட்டும் படித்த நாளிலிருந்து என்னை விடவில்லை. தசையெல்லாம் நீக்கி, எலும்பும் தசைநாருமாக நிற்கும் இடுப்புப் பகுதியின் உச்சியில் செங்குத்தாகச் சுமை வைத்தால், சுமார் 90 நியூட்டனிலேயே அது மடங்கி விழுந்துவிடும். ஒன்பது கிலோ! நாம் நிற்கும்போதே மேல் உடம்பு அதைவிடப் பல மடங்கு எடை. தசைகள் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நிற்கிறோம். 1999இல் பட்வர்தன் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் முதுகின் வளைவையொட்டியே கேபிளை ஓட்டிச் சுமை கொடுத்துப் பார்த்தார்கள். அதே இடுப்பு 1200 நியூட்டன் தாங்கியது. எடையைவிட அது எந்த வழியாக இறங்குகிறது என்பதுதான் கணக்கு. அதே 1999இல் வில்கே குழுவினர், ஆரோக்கியமான ஒரே ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள் அழுத்தமானியை வைத்து அளந்த முடிவுகளை வெளியிட்டார்கள். படுத்திருந்தால் 0.1 மெகாபாஸ்கல், நின்றால் 0.5, முதுகை வளைத்து 20 கிலோ தூக்கினால் 2.3. கார் டயரில் 32 என்று காற்றடிக்கிறோமே, அதைப்போலப் பத்து மடங்கு.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு

சித்திக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து வழக்கமான பரிசோதனைக்கு நானும் துணைக்குப் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவன் நான்தான். ஆறு ஸ்க்ரூ, இரண்டு கம்பி, எண்ணிக்கொண்டே வந்த கண் கடைசியில் நின்றது. சேக்ரத்தில் இடப்பக்க ஸ்க்ரூவின் தண்டில் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மறுபடி பார்த்தேன். கோடுதான். உள்ளங்கை வேர்த்துவிட்டது. எங்கள் கூடத்தில் அந்தக் கோடு தெரிந்தால் யந்திரத்தை நிறுத்தி, தேதி, எண் எல்லாம் குறித்து, "தோல்வி" என்ற கட்டத்தில் டிக் போடுவோம். பேனாவுக்கு அந்த ஒரு கட்டம்தான் உண்டு.

மருத்துவர் கோட்டைப் பார்த்தார், தலையாட்டினார், உடனே சிடி ஸ்கேனுக்குத் தாவிவிட்டார். கேஜின் நடு வழியாகவும் பக்கத்திலும் மேலெலும்பும் கீழெலும்பும் வெள்ளையாகக் கைகோத்திருந்தன. "நல்லாப் பாலம் போட்டிருக்கு. வலி இருக்காம்மா?" என்று சித்தியிடம் கேட்டார். இல்லை என்றார் சித்தி. "அப்ப ஸ்க்ரூ பாட்டுக்கு இருக்கட்டும்." எனக்குப் பொறுக்கவில்லை. எலும்பு சேரும் முன் உடைந்ததா, சேர்ந்த பின் உடைந்ததா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. "சேர்ந்திருக்கு, வலியில்லை. அது தெரிஞ்சு இப்ப என்ன செய்யப்போறோம்?" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் காற்றையே நினைத்துக்கொண்டு வந்தேன், இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் காற்றை. நாங்கள் பதினொன்றரை நாள் ஓட்டிப் பார்ப்பது ஸ்க்ரூவின் வாழ்க்கையை அல்ல. எலும்பு சேரவே சேராத ஒருவரின் இரண்டு வருஷத்தை. சேர்ந்துவிட்டால் அந்தச் சோதனையின் படமே மாறிவிடும், சேராவிட்டால் எந்த உலோகமும் ஒருநாள் இல்லை ஒருநாள் உடையும். எலும்புக்கும் உலோகத்துக்கும் ஓட்டப்பந்தயம் என்று இந்தத் துறையில் அடிக்கடி சொல்வார்கள். நான் பல வருஷமாக ஓடுகிறவர்களில் ஒருவரை மட்டும் கடிகாரம் வைத்து அளந்துகொண்டிருந்திருக்கிறேன். ஆனால் பந்தயம் என்ற பேச்சிலும் ஒரு ஓட்டை உண்டு. பெர்லினில் ரோல்மன், பெர்க்மன் குழுவினர் பத்து நோயாளிகளின் முதுகுக் கம்பியிலேயே உணரியும் ரேடியோ ஒலிபரப்பியும் வைத்து, அவர்கள் நடக்கும்போதும் உட்காரும்போதும் சுமையை நேரடியாக அளந்தார்கள். எலும்பு சேர்ந்ததும் கம்பி மேல் சுமை விழுவது நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். பலரிடம் அது குறையவே இல்லை. ஆக, எலும்பு சேர்ந்த பிறகும் உலோகம் உழைத்துக்கொண்டே இருக்கலாம், உழைத்து உடையவும் செய்யலாம். ஸ்க்ரூ உடைந்தது என்பதை வைத்து எலும்பு சேரவில்லை என்று சொல்லிவிட முடியாது. முழுசாக இருக்கிறது என்பதை வைத்துச் சேர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இதை முன்பே படித்திருக்கிறேன், அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். சித்தியின் எக்ஸ்ரேயில் அந்தக் கோட்டைப் பார்த்தபோது படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தியே ஆரம்பித்தார். "உடைஞ்சிருக்குன்னு நீ ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு இருக்கே? எனக்கே ஒண்ணும் தெரியலை."

"இல்ல சித்தி, எப்ப உடைஞ்சதுன்னு யோசிக்கிறேன்."

"உன் மிஷின்ல நம்பர் ஓடுமே. எனக்குள்ள யார் எண்ணினா?"

எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் நான் நிஜமாகவே கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன். முதல் ஆறு வாரம் அறைக்குள்ளேயே நடமாட்டம், நாளுக்கு ஐந்நூறு அடி. அடுத்த மூன்று மாதம் இரண்டாயிரம். அதற்கப்புறம் 7000 எல்லாம் சித்தி என்றைக்கும் நடந்ததில்லை, நாலாயிரம் என்று வைக்கலாம். படி ஏறினால் எப்படிச் சேர்ப்பது, குனிந்து எடுத்தால் ஒன்றா, இரண்டா என்று பேனாவை நிறுத்தினேன். சித்தி தண்ணீர் குடிக்க எழுந்தார். நாற்காலியின் கைப்பிடியைத் தொடவில்லை. அதையும் ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.